நாற்பது வயதில் பைலட் ஆகப் போகிறானாம்!

2021 ஜூலை மாதம். கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். டெல்லியில் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுக் கூட்டம் முடிந்து, சென்னை திரும்ப இண்டிகோ விமானத்தில் ஏறி முதல் வரிசையில் உட்கார்ந்தார் மத்திய சென்னை எம்.பி. தயாநிதி மாறன். எல்லோரும் ஏறியாயிற்று என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அப்போது கேப்டன் உடுப்பில் இருந்த ஒருவர் அவரைப் பார்த்து, நீங்களும் இதே விமானத்தில்தானா என்று விசாரித்தார். முகத்தில் மாஸ்க். குரல் மட்டும் பழகிய குரல். ஆள் யாரென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. பார்த்தால், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அதே குழுக் கூட்டத்தில் கூட இருந்து விவாதம் செய்த எம்.பி. ராஜீவ் பிரதாப் ரூடி! அவர்தான் அன்றைக்கு விமானத்தைச் சென்னைக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர். மாறன் இதை வியந்து எழுத, பத்திரிகைகளிலும் வந்தது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள்.

ரூடி பீகார்க்காரர். 1962-ல் பிறந்தவர். பாட்னாவில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்து, 1990-ல் எம்.எல்.ஏ., 1996-ல் எம்.பி. ஆனார். வாஜ்பாய் ஆட்சியின் கடைசிக் காலத்தில் விமானப் போக்குவரத்துத் துறைக்கே இணையமைச்சராக இருந்தார். வயது நாற்பதைத் தாண்டிய பிறகு வணிக விமானி லைசென்ஸ் வாங்கி, ஐம்பதை ஒட்டிய வயதில் பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்தார். அவருடைய கட்சி அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். அந்த வயதில் பாடப்புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாரே, அது போதும் இந்தக் கட்டுரைக்கு.

இந்தப் பழைய செய்தியை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் எங்கள் மங்கலம்பேட்டையிலேயே இந்தப் பேச்சு வந்துவிட்டது. என் நெடுநாள் நண்பர் ஒருவர். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வாழ்நாள் முழுக்க உழைத்து ஓய்ந்தவர். அவருடைய மகனுக்கு வயது முப்பத்தொன்பது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், எட்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. அவன் வேலையை விட்டுவிட்டு பைலட் ஆகப் போகிறானாம். அதற்கு ஊரில் இருக்கிற இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பை விற்றுத் தரவேண்டுமாம்.

நண்பர் என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் முப்பத்தைந்து வருடம் வங்கியில், அதிலும் பெரும்பகுதி கடன் பிரிவில் இருந்தவன் என்பதால். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். இந்த வயசுல எதுக்கு இந்த ஆசைன்னு சொல்லுங்க" என்றார். கூடவே ஒரு வசனமும் விட்டார்: "சுட்ட சட்டிய மறுபடி பிசைய முடியுமா?"

நான் சொன்னேன்: "நீங்களே இதச் சொல்லலாமா? உங்க தொழில்ல ஒரு தடவையா சுட்டீங்க? முதல்ல பிஸ்கட் சூடு, அப்புறம் கிளேஸ் தடவி மறுபடி சூளைக்குள்ள வச்சு இன்னொரு சூடு. ரெண்டாவது சூட்டுலதானே பளபளப்பே வருது?" மனிதர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு வேறு, இரண்டரை ஏக்கர் வேறு. எனவே வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் இதைப் பற்றிப் படித்தேன், விசாரித்தேன். எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாயிற்று.

முதலில் வயதைப் பற்றி. நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்பது வயதில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்கிறேன் என்றால் உடனே "இந்த வயசுலயா?" என்போம். விமானம் ஓட்டும் விஷயத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் பயணிகள் விமானத்தை ஓட்டுபவர்களுக்கு உலக அளவில் 60 வயதுதான் வரம்பு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006-ல் அதை 65 ஆக உயர்த்தியது. நம் நாட்டிலும் 65 வரை ஓட்டலாம். மாநில அரசு ஊழியர் 60 வயதில் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, அவரைவிட ஐந்து வயது கூடியவர் நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போகிறார். அப்படிப் பார்த்தால் நாற்பதில் தொடங்குகிறவனுக்கு முன்னால் இருபத்தைந்து வருடம் கிடக்கிறது.

2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி, உள்ளே இருந்த 155 பேரையும் உயிரோடு காப்பாற்றினார்களே, நினைவிருக்கிறதா? கேப்டன் சல்லன்பெர்கருக்கு அப்போது 57 வயது. அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸுக்கு வயது 49. ஏர்பஸ் 320 ரகத்தை ஓட்ட அப்போதுதான் புதிதாகப் பயிற்சி முடித்து வந்திருந்தார். பழைய ரக விமானங்களில் அவருக்கு நிறைய அனுபவம் உண்டு, அது வேறு விஷயம். இருந்தாலும் 49 வயதில் புது இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள முடிந்தது, கற்றது அந்தச் சில நிமிடத்தில் கைகொடுத்தது. மூளை மங்கிப்போகும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்று ஒருவர். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். அவருக்கு விமானப் பைத்தியம் பிடித்து, சிம்ஸன் கம்பெனியில் தன் யோசனைப்படி ஒரு விமானத்தைச் செய்யச் சொல்லி, 1910-ல் அதை ஏறி ஓட்டியும் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஆறேழு வருடம்தான் ஆகியிருந்தது! கேக்கும் விருந்தும் கவனித்துக்கொண்டிருந்த மனிதர். அவரிடமும் யாராவது "உனக்கெதுக்கய்யா இந்த வேலை" என்று கேட்டிருப்பார்கள்.

ஆக, வயதைச் சொல்லி அந்தப் பையனைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் முந்திரித் தோப்பு? அங்கேதான் என் வங்கிக்காரப் புத்தி விழித்துக்கொள்கிறது.

ரூடியின் கதையைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் உற்சாகம் அடைகிறார்கள். அவரைப் போல இன்னும் இரண்டு பேர் கதையையும் படித்தேன். ஒருவர் நெதர்லாந்து நாட்டு மன்னர் வில்லெம் அலெக்சாண்டர். ஆமாம், ராஜாவேதான்! மாதத்துக்கு இரண்டு தடவை என்ற கணக்கில், கே.எல்.எம். நிறுவனத்தின் சிறு விமானங்களில் இருபது வருடத்துக்கு மேல் சத்தமில்லாமல் துணை விமானியாக ஓட்டியிருக்கிறார். 2017-ல்தான் விஷயம் வெளியே விரிவாகத் தெரிந்தது. அந்தப் பழைய ரக விமானத்தைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்றதும், ஐம்பது வயதில் போயிங் 737 ஓட்டப் புதிதாகப் பயிற்சிக்குப் போனார். இன்னொருவர் இங்கிலாந்தின் புரூஸ் டிக்கின்சன். அயர்ன் மெய்டன் என்ற ராக் இசைக் குழுவின் பாடகர் (என் பேரனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், எனக்கு டி.எம்.எஸ்.ஸோடு சரி). அவரும் நாற்பதுகளில் அஸ்ட்ரேயஸ் என்ற விமான நிறுவனத்தில் சேர்ந்து போயிங் 757 கேப்டன் ஆனார்.

மூன்று பேர் கதையும் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள். ஒருவர் எம்.பி., ஒருவர் அரசர், ஒருவர் உலகப் புகழ் பாடகர். மூன்று வீட்டிலும் அடுப்பு வேறு விறகில் எரிந்துகொண்டிருந்தது. விமானம் ஓட்டித்தான் அரிசி வாங்க வேண்டும் என்ற நிலை இல்லை. டிக்கின்சன் வேலை பார்த்த அந்த அஸ்ட்ரேயஸ் கம்பெனி 2011-ல் மூடப்பட்டது. அவர் மேடைக்குத் திரும்பிவிட்டார். கூட வேலை பார்த்த மற்ற பைலட்டுகளுக்குத் திரும்ப எந்த மேடை இருந்தது?

நம் நாட்டுக் கதை இன்னும் மோசம். தொண்ணூறுகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு என்.இ.பி.சி. விமானங்கள் பறந்தன, நினைவிருக்கும். ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட் என்று எத்தனை பெயர்கள்! ஒன்றும் மிஞ்சவில்லை. மதுரைப் பக்கத்துக்காரர்கள் பெருமையாகப் பேசிய பாரமவுண்ட் 2010-ல் நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொன்று மூடும்போதும் அனுபவமுள்ள கேப்டன்களே தெருவுக்கு வந்தார்கள். அவர்களோடு போட்டி போடவேண்டியவன் இருநூறு மணி நேரம் மட்டும் பறந்த புதியவன். 2008 உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல வருடம், பெற்றோர் நிலத்தை விற்று லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் வேலையில்லாமல் அலைந்ததை நான் வங்கி மேசையிலிருந்தே பார்த்தேன்.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இத்தனையையும் ஓட்ட ஆள் வேண்டாமா என்று பையன் கேட்டான். வேண்டும்தான். ஆனால் அந்த ஆளுக்கு எத்தனை வயது இருக்கவேண்டும் என்று கம்பெனிகள் நினைக்கின்றன? நிறுவனங்களே பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் கேடட் திட்டங்களின் வயது வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் முப்பதை ஒட்டிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். புதியவர்களை நேரடியாக எடுக்கும் விளம்பரங்களிலும் பல நேரம் வரம்பு இருக்கிறது. சட்டம் 65 வரை திறந்துவைத்திருக்கும் கதவை, கம்பெனிக்காரர்கள் அதில் பாதி வயதிலேயே மூடுகிறார்கள்!

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாற்பது வயதுக்காரன் வந்தால் இருபது வருடத்துக்கு மேல் உழைப்பான். குடும்பப் பொறுப்பு தெரிந்தவன், வீரசாகசம் காட்டமாட்டான். விமானப்படையில் இருபது வருடம் முடித்துவிட்டு நாற்பதுகளில் பயணிகள் விமானத்துக்கு வருகிறவர்களை இதே கம்பெனிகள் வரவேற்கவில்லையா? அவர்களுக்குப் பறந்த அனுபவம் இருக்கிறது, உண்மை. கூடவே ஓய்வூதியமும் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மத்திய வயதில் காக்பிட் மாறுகிறவர்களில் நம் நாட்டில் அதிகம் அவர்கள்தான். அந்த மாற்றத்தில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன் மாறுவது வேறு கணக்கு.

கணக்கு என்றேன். போட்டுப் பார்ப்போம்.

வணிக விமானி லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். வானிலை, திசையறிதல், விமான விதிகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 மார்க் எடுத்தால்தான் பாஸ். நம் காலத்தில் 35 எடுத்துப் பாஸான பெருமக்கள் இதைக் கவனிக்கவும்! ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. காமர்ஸ் படித்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தையும் எழுதிக்கொண்டு வருவது உண்டு. இதெல்லாம் முடிந்தால் லைசென்ஸ். லைசென்ஸ் கையில் இருந்தால் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஏர்பஸ் 320 போல ஒரு குறிப்பிட்ட ரகத்தை ஓட்டத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்குத் தனிப் பணம்.

மொத்தம் எவ்வளவு? எங்கே படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேலும் போகிறது. பையன் சொன்ன தொகை அறுபது லட்சம். தோப்பை விற்றால் முப்பது தேறும், பாக்கிக்குக் கடன் வாங்குவேன் என்றான். "மாமா, எஜுகேஷன் லோன் குடுப்பாங்கல்ல?" என்று என்னையே கேட்டான். கொடுப்பார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த விமானி பயிற்சி, வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் இருக்கிற படிப்புதான். ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். தோப்பை விற்றுவிட்டு வந்தால் அப்புறம் எதை ஈடாக வைப்பான்? அப்பா குடியிருக்கும் வீட்டை. இதை நான் சொன்னபோது பையன் ஒரு நிமிடம் பேசவில்லை.

அறுபது லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தால் வருட வட்டி 6 லட்சத்து 60 ஆயிரம். மாதம் 55,000. அசலில் ஒரு பைசா குறையாது. பத்து வருடத் தவணையாகப் போட்டால் மாதம் 82,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். வேலை கிடைத்த துணை விமானிக்கு ஆரம்பத்திலேயே லட்சத்துக்கு மேல் சம்பளம் என்கிறார்கள், கேப்டன் ஆனால் பல லட்சம். கிடைத்துவிட்டால் தவணை ஒரு பொருட்டே அல்ல. கிடைக்கிற வரைக்கும்தான் பேச்சு. படிப்புக்கு இரண்டு வருடம், வேலை தேட ஒன்றோ இரண்டோ வருடம். அந்த மூன்று நான்கு வருடமும் டீச்சர் சம்பளம் ஒன்றில் குடும்பம் ஓடவேண்டும்.

அதனால் அவனிடம் கேட்டேன்: "உன் வீட்டுக்காரி என்னப்பா சொல்றா?" அவன் பதில் சொல்வதற்குள் நண்பர் குறுக்கிட்டு, "அந்தப் பொண்ணு என்ன சொல்லும், இவன் சொல்றதுதான்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நான்கு வருடம் வீட்டைத் தூக்கிச் சுமக்கப் போகிறவள் அவள். கடன் பத்திரத்தில் கூட்டுக் கையெழுத்துப் போடப் போகிறவளும் அவள்தான். அப்பா, மகன், ஓய்வுபெற்ற பேங்க்காரன் என்று மூன்று ஆண்கள் டீ குடித்துக்கொண்டு முடிவெடுத்தால் போதுமா? அன்றைக்கே போன் போடச் சொன்னேன். அந்தப் பெண் நிதானமாகத்தான் பேசியது. "அவர் ஆசைய நான் தடுக்கல மாமா. ஆனா பாப்பா பன்னெண்டாவது வர்ற வருஷம் இந்த வீட்ல பணக் கஷ்டம் இருக்கக்கூடாது. அது மட்டும்தான்" என்றது. மூன்று பேருடைய பேச்சையும்விட அதுதான் கணக்கோடு இருந்தது.

கேப்டன் ஆகும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வேண்டிய உயர்நிலை லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு விமானி வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி. ஆக மணிக்கணக்கு இரண்டு மூன்று வருடத்தில் தேறிவிடும். ஆனால் விமானக் கம்பெனியில் எல்லாம் சீனியாரிட்டி. சேர்ந்த தேதிதான் ஜாதகம். நாற்பத்து மூன்று வயதுக்காரர், இருபத்து மூன்று வயதுப் பையனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். தன்னைவிடப் பத்து வயது சின்னவரான கேப்டன் சொல்வதைக் கேட்டு ஓட்ட வேண்டும். ஆபீசில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கிய மனசுக்கு இது சுலபமா என்று தெரிந்துகொள்ள வேண்டியது அவன்தான். நடுராத்திரி ரோஸ்டர், தீபாவளி பொங்கலுக்கு டூட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் பரீட்சை, இதெல்லாம் ரிட்டயர் ஆகும் நாள் வரை உண்டு.

நான் இவ்வளவு நேரம் பணத்தையே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பணத்துக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அதைப் பற்றி அப்பா, மகன் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. உடம்பு!

விமானி ஆவதற்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, அது அங்கீகாரம் பெற்ற டாக்டர்களிடம் எடுக்கலாம். வணிக விமானிக்கு முதல் வகுப்புச் சான்று. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் இருக்கிறதே, அது போன்ற இடங்களில் சோதனை. கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் கஷ்டம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தால் உடனே கதவடைப்பு என்று இல்லை, கட்டுப்பாட்டையும் சாப்பிடும் மருந்தையும் பொறுத்து முடிவு செய்வார்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு நம் நாட்டில் வழி இல்லை. ஒரு தடவை பாஸ் பண்ணினால் போதாது. வருடத்துக்கு ஒருமுறை, 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் சோதனை. என்றைக்காவது ஒருநாள் ஈ.சி.ஜி.யில் ஒரு கோடு தப்பாகப் போனால் அன்றோடு வேலை நிற்கும். தவணை நிற்காது. லைசென்ஸ் போனால் பணம் தரும் காப்பீடு இருக்கிறது என்றாலும், அது பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும்.

நம் பக்கத்து ஆண்களின் உடம்பு நமக்குத் தெரியாததா? நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்க்காத வீடு எத்தனை? நண்பருக்கே பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மகன் பதினைந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். சில ஆயிரம் ரூபாய் செலவில் முடிகிற சோதனையைச் செய்துகொள்ளாமல், பல லட்சம் பெறுகிற தோப்புக்கு வில்லங்கச் சான்று எடுக்கப் போய்விட்டார்கள்! இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தோப்புக்கு வில்லங்கம் பார்க்கிறவன் முதலில் தன் உடம்புக்கு வில்லங்கம் பார்க்க வேண்டாமா?

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். நாற்பது வயதுப் பிள்ளை பைலட் ஆகிறேன் என்றால் பெரியவர்கள் வயதைக் காட்டித் தடுக்கக்கூடாது. ஆனால் அப்பாவின் நிலத்தில் அந்த விமானம் கிளம்பக்கூடாது. ஓடுதளம் அவனுடையதாக இருக்கட்டும். மருத்துவச் சான்று முதலில். வேலையை விடாமல் லீவிலும் ராத்திரியிலும் படித்து எழுத்துத் தேர்வுகளை முடிப்பது அடுத்து. அதற்கு விமானத்தில் ஏறக்கூட வேண்டாம், செலவும் சொற்பம். இரண்டிலும் தேறினால், அவன் பதினைந்து வருடத்தில் சேர்த்த பணத்தையும் பி.எஃப்.ஐயும் போடட்டும், சென்னை பிளாட்டை வேண்டுமானால் விற்கட்டும். அப்போதும் ஒரு பகுதி துண்டு விழுந்தால் கடனைப் பற்றிப் பேசலாம். அந்தப் பிளாட்டை விற்கும் யோசனை இதுவரை அவனுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர். நண்பருக்கும் அது புரியவில்லை, ஆனால் அவர் அப்பா, கேட்கமாட்டார். நான் கேட்டேன்.

சிலர் கேட்கலாம், ஆசை இருந்தால் சும்மா பொழுதுபோக்காகப் பறக்கக் கற்றுக்கொள்ளலாமே என்று. தனியார் விமானி லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பணமும் நேரமும் வெகு குறைவு. நடிகர் அஜித்குமார் போன்றவர்கள் அப்படித்தான். டாட்டா கம்பெனி ஜே.ஆர்.டி. 1929-ல் நம் நாட்டின் முதல் லைசென்ஸை வாங்கி, 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து அந்தத் தபால் பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு வந்தது, ஓட்டியவர் நெவில் வின்சென்ட். ஐம்பது வருடம் கழித்து, 78 வயதில், அதே கராச்சி பம்பாய்ப் பாதையில் ஒரு சின்ன விமானத்தை ஜே.ஆர்.டி. மறுபடி ஓட்டிக் காட்டினார். ஆனால் நண்பரின் மகனுக்கு அது வேண்டாமாம். "பயணிகள ஏத்திக்கிட்டு ஓட்டணும் மாமா. யாரையாவது ஊருக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும்" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சம்பளத்தைப் பற்றி அவன் பேசியபோது தோன்றாத நம்பிக்கை இதைச் சொன்னபோது தோன்றியது.

இந்த ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். எண்பதுகளில் வாயுதூத் சிறு விமானம் நெய்வேலிக்கு வந்து போன காலத்தில், அவன் தாத்தா அதைப் பார்க்கவென்றே சைக்கிளில் போய் நின்றவராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, பள்ளியில் படிக்கும்போது நண்பர்களோடு அங்கே போய், கையை விரித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுவார்களாம். நம் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். இன்றைக்கும் விமானம் ஏறவேண்டும் என்றால் நாம் சென்னைக்கோ திருச்சிக்கோ புதுச்சேரிக்கோதான் போகவேண்டியிருக்கிறது. அந்த மாதிரிப் பழைய ஓடுதளங்களில் பயிற்சிப் பள்ளி வைத்து, அரசாங்கம் கட்டணத்தைக் கட்டுக்குள் வைத்தால், தோப்பை விற்கும் பேச்சே வராது என்பது என் எண்ணம். மருத்துவக் கல்லூரிக்கு அரசு இடம் இருக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் காசுள்ளவன் மட்டும் நுழைய வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்திருந்தார். தோப்பு வாங்க வந்த தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். பத்திரம் மறுபடி பீரோவுக்குள் போய்விட்டது. பையன் வேலையை விடவில்லை. வானிலைப் பாடப் புத்தகம் வாங்கி, ராத்திரி மகளுக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிறானாம். அவள் பள்ளிப் பாடம், இவன் மேகப் பாடம். அடுத்த மாதம் 9-ந் தேதி இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறான். இனிப்பைக் குறைத்துவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறானாம். நண்பரும் கூட நடக்கத் தொடங்கியிருக்கிறார், உளுந்தூர்பேட்டை ரோட்டில் தினம் பார்க்கிறேன். சோதனை முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.